பேட்டரிய மாத்துறதுக்கு முன்னாடி ரெகுலேட்டர பாருங்க: பைக்ல ஆர்.ஆர். யூனிட்ட தேடி, செக் பண்ணி, மாத்துறது எப்படி

என் 150 சிசி பைக்குக்கு ஒன்றரை வருசத்துல மூணு பேட்டரி வாங்கியிருக்கேன், அதுல ரெண்டு பேட்டரி மேல ஒரு தப்பும் இல்ல. ஒரு நாள் நைட்டு விராலிமலைல இருந்து திருச்சி வர்ற வழியில ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரி ஆயிடுச்சு, ஹாரன் அடிச்சா ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி ஒரு சத்தம், நிறுத்திட்டு செல்ஃப் அடிச்சா டிக் டிக் டிக். தள்ளி ஸ்டார்ட் பண்ணி வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் கடையில "பேட்டரி போயிடுச்சு தம்பி"ன்னாங்க, மாத்தினேன். புது பேட்டரி ஃபுல் சார்ஜோட வர்றதால கொஞ்ச நாள் நல்லா தான் ஓடுச்சு, அதுலயே ஏமாந்துட்டேன். நாலு மாசத்துல அதே கதை, இன்னொரு கடை, இன்னொரு பேட்டரி. மூணாவது தடவை ஃப்ரெண்டு ஒருத்தன் மல்டிமீட்டர் எடுத்துட்டு வந்து வச்சு பாத்துட்டு, "டேய் உன் வண்டி பேட்டரிக்கு சார்ஜே குடுக்கலடா"ன்னான்.

அதனால இது ஆர்.ஆர். யூனிட் பத்தின வழிகாட்டி. ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்ங்கறத தான் சுருக்கி ஆர்.ஆர்.னு சொல்றோம், நிறைய மெக்கானிக்குங்க வெறும் ரெகுலேட்டர்னு சொல்லிடுவாங்க. கார் கண்ணாடிய ஏத்தி இறக்குற ரெகுலேட்டர் வேற சமாச்சாரம், அத தேடி வந்தவங்க மன்னிச்சுக்கோங்க. கார்ல சார்ஜிங் ரெகுலேட்டர் பெரும்பாலும் ஆல்டர்னேட்டருக்குள்ளயே இருக்கும், அதையும் இங்க தொடல.

இது என்ன வேலை பாக்குது

இன்ஜின் கூடவே மேக்னெட் சுத்துது, அதுக்குள்ள காயில் இருக்கு, அதுல இருந்து வர்றது ஏசி கரண்ட். நீங்க ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்க வோல்டேஜ் ஏறிக்கிட்டே போகும், 5000 ஆர்.பி.எம்.ல லோடு இல்லாம பாத்தா நிறைய வண்டில 50 வோல்ட்டுக்கு மேல காட்டும். பேட்டரிக்கு வேணுங்கறதோ டிசி, அதுவும் 14 வோல்ட் சுமாருக்கு. ஏசிய டிசியா மாத்துறது ரெக்டிஃபையர் வேலை, 14.6 தாண்டாம புடிச்சு நிறுத்துறது ரெகுலேட்டர் வேலை, ரெண்டும் ஒரே டப்பாக்குள்ள.

எப்படி புடிச்சு நிறுத்துதுன்னு தெரிஞ்சா அது ஏன் சாகுதுன்னும் புரிஞ்சிடும். நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான பைக்ல ஷன்ட் டைப் தான், அதாவது பேட்டரிக்கு தேவைப்படாத கரண்ட்ட காயிலுக்கே ஷார்ட் பண்ணி திருப்பி விட்டுடும். டேங்க் நிறைஞ்சதும் மோட்டார நிறுத்தாம, ஓவர்ஃப்ளோ பைப்ல தண்ணிய விடுற மாதிரி. அந்த கரண்ட் உள்ள போயிட்டு வர்றதுல தான் சூடு, அதுக்கு தான் முதுகுல அலுமினியம் ஃபின், அதாவது சூடு ஆத்துற பட்டைங்க, வச்சிருக்காங்க. இதுல ஒரு வேடிக்கை, எல்லா லைட்டையும் எல்.இ.டி.யா மாத்திட்டா ரெகுலேட்டருக்கு நிம்மதின்னு நினைப்போம், ஷன்ட் டைப்ல அப்படி இல்ல, லைட் திங்காத கரண்ட்டையும் சேர்த்து இது தான் ஷார்ட் பண்ணணும். சீரிஸ் டைப்னு ஒண்ணு இருக்கு, அது வேணாங்கற நேரம் லைன கட் பண்ணிடும், சூடு கம்மி, விலை ஜாஸ்தி.

எங்க இருக்கும்

ஒவ்வொரு வண்டிலயும் ஒவ்வொரு இடம், அதனால மாடல் வாரியா மனப்பாடம் பண்ண வேணாம். மேக்னெட் கவர்ல இருந்து ஒரு தடிச்ச ஒயர் கட்டு வெளிய வரும் பாருங்க, த்ரீ ஃபேஸ் வண்டின்னா, அதாவது காயில்ல இருந்து மூணு லைன்ல ஏசி வர்ற வண்டின்னா, அதுல மூணு ஒயர் ஒரே கலர்ல இருக்கும், பெரும்பாலும் மஞ்சள். அத விரலால புடிச்சிக்கிட்டே போங்க, முதல்ல ஒரு கப்ளர், அதாவது ஒயருங்கள சொருகி இணைக்கற பிளாஸ்டிக் கனெக்டர் வரும், அதுக்கப்புறம் ஃபின் வச்ச ஒரு அலுமினிய டப்பா, பின் பக்கம் கருப்பா தார் ஊத்தின மாதிரி எபாக்சி. அது தான். பைக்ல சைடு பேனலுக்குள்ள, சீட்டுக்கு அடியில, சிலதுல முன்னாடி ஹெட்லைட்டுக்கு கீழன்னு காத்து படுற இடமா வச்சிருப்பாங்க, நிறைய ஸ்கூட்டர்ல முன் பேனல கழட்டினா தான் தெரியும். சிடிஐ டப்பாவ, அதாவது பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்கற யூனிட்ட பாத்து இது தான்னு குழம்பிடாதீங்க, அதுக்கு ஃபின் இருக்காது.

என்ன சொல்லி வண்டி முனகும்

ரெகுலேட்டர் ரெண்டு விதமா சாகும். ஒண்ணு சார்ஜ் ஏத்தாது: செல்ஃப் எடுக்காது, இண்டிகேட்டர் போட்டா ஹெட்லைட் கூடவே கண் சிமிட்டும், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டின்னா திடீர்னு மிஸ்ஸிங் அடிச்சு நின்னு போகும், ஏன்னா பெட்ரோல் பம்ப்புக்கும், இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டரான இசியுவுக்கும் வோல்டேஜ் பத்தல. இன்னொண்ணு அளவுக்கு மீறி ஏத்தும்: பல்பு அடிக்கடி ஃப்யூஸ் ஆகும், பேட்டரி வயிறு ஊதின மாதிரி உப்பும், அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், தண்ணி ஊத்துற பேட்டரின்னா டிஸ்டில்டு வாட்டர் சட்டுனு குறையும். ரெண்டாவது தான் மோசம், மீட்டர் போர்டுல இருந்து இசியு வரைக்கும் சேர்த்து காவு வாங்கிடும். உப்பின பேட்டரிய பாத்தா அப்படியே ஓட்டாதீங்க.

ஆரம்பிக்கலாம்: மல்டிமீட்டர் இல்லாம இதுல இறங்காதீங்க

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும், டிசி வோல்ட், ஏசி வோல்ட், ஓம், டையோடு, டிசி ஆம்பியர் அஞ்சும் இருந்தா சரி. ஸ்பேனர் செட், சேண்ட் பேப்பர், பழைய டூத் பிரஷ் எடுத்து வச்சுக்கோங்க. இன்ஜின ஓட விட்டு செக் பண்றது எல்லாம் வெளிய காத்தோட்டமா வச்சு பண்ணுங்க, மூடின ஷெட்டுக்குள்ள வேணாம்.

முதல்ல பேட்டரி. வண்டி நின்னு ரெண்டு மூணு மணி நேரம் ஆன பிறகு ரெண்டு டெர்மினல்லயும் வச்சு பாருங்க, 12.6ல இருந்து 12.8 இருந்தா ஃபுல். 12.4க்கு கீழ இருந்தா வெளி சார்ஜர்ல போட்டு ஃபுல் ஏத்திட்டு தான் அடுத்த டெஸ்ட்டுக்கு போகணும், செத்த பேட்டரிய வச்சுக்கிட்டு சார்ஜிங்க செக் பண்ணா எல்லா ரீடிங்கும் பொய் சொல்லும். செல்ஃப் அடிக்கும்போது 9.5க்கு கீழ விழுந்தா பேட்டரி உண்மையிலயே காலி. அப்படியே டெர்மினல் நட்ட ஒரு முறுக்கு முறுக்கி பாத்துடுங்க, லூஸா இருந்ததால மட்டும் சார்ஜ் ஏறாத வண்டிய நானே ரெண்டு பாத்திருக்கேன்.

அடுத்தது தான் முக்கியமான ரீடிங். மீட்டர டிசி 20ல வச்சு, பேட்டரி டெர்மினல்லயே ப்ரோப (மீட்டரோட ஊசி) புடிச்சுக்கிட்டு, ஹெட்லைட் எரியற நிலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல, அதாவது ஆக்சிலேட்டர் முறுக்காம பாருங்க, அப்புறம் மெதுவா 4000, 5000 வரைக்கும் முறுக்குங்க. 13.8ல இருந்து 14.6க்குள்ள வந்து அங்கயே நின்னா சார்ஜிங் நல்லா இருக்கு, வேற எதையாவது தேடுங்க. முறுக்கியும் 13 தாண்டலன்னா சார்ஜ் வரல, ரெகுலேட்டர், காயில், ஒயர் மூணுல ஒண்ணு. முறுக்க முறுக்க 15, 16ன்னு ஏறிக்கிட்டே போனா ரெகுலேட்டர் கைய விட்டுடுச்சு, உடனே ஆஃப் பண்ணுங்க. என் வண்டில ஐடில்ல 12.3, முறுக்கினா 12.5, அவ்ளோ தான்.

இங்க ஒரு விஷயம். வண்டி ஓடும்போது பேட்டரி ஒயர கழட்டி விட்டு "நிக்காம ஓடுது பாரு, சார்ஜிங் ஓக்கே"ன்னு சொல்ற பழக்கம் பழைய ஆளுங்ககிட்ட இருக்கு. தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, பண்ணவும் விடாதீங்க. ஏறி இறங்குற வோல்டேஜ தாங்கி சமன் பண்றதே பேட்டரி தான், அது இல்லாம ஒரு தடவை முறுக்கினா போதும், இசியுவோ சிடிஐயோ போயிடும்.

டப்பாவ குத்தம் சொல்றதுக்கு முன்னாடி கப்ளர்

இந்த இடத்துல தான் நான் காசு விட்டேன், அதனால நின்னு நிதானமா சொல்றேன். சார்ஜ் வரலன்னு தெரிஞ்சதும் நேரா கடைக்கு போயி புது ஆர்.ஆர். வாங்கி, பழைய கப்ளர்லயே சொருகி, 14.2 காட்டுதுன்னு குஷியா ஓட்டினேன். மூணு வாரம். அப்புறம் மறுபடி 12.6. கழட்டி பாத்தா புது யூனிட்டோட நடு பின் கருப்பு, எதிர்ல கப்ளர்ல மூணு மஞ்ச ஒயர்ல நடு ஒயர் மட்டும் ரெண்டு இஞ்ச் தூரத்துக்கு மஞ்சள் போயி வெல்லப்பாகு கலர்ல இருக்கு, வளைச்சா ஒயர் தோலு பொடிப்பொடியா உதிருது. உள்ள இருக்கற தகரம் சூட்டுல ஸ்ப்ரிங் தன்மைய இழந்து லூசாகி, லூசானதால இன்னும் சூடாகி, அப்படியே உருக்கிடுச்சு. பழைய யூனிட் செத்தப்பவே அந்த கருகல் இருந்திருக்கும், நான் தான் பாக்கல.

அதனால கப்ளர பிரிங்க, டார்ச் அடிச்சு ஒவ்வொரு பின்னையும் பாருங்க. பச்சை களிம்பு, கருகல், உருகின பிளாஸ்டிக், பின்னாடி தள்ளிக்கிட்டு போன தகரம், எது இருந்தாலும் அது தான் முதல் குற்றவாளி. வெளிய பாத்தா நல்லா இருக்கும், பிரிச்சா தான் தெரியும். அப்படியே பேட்டரி பக்கம் இருக்கற மெயின் ஃப்யூஸையும் ஃப்யூஸ் ஹோல்டரையும் பாத்துடுங்க.

கண்ணுக்கு தெரியாததுக்கு ஒரு டெஸ்ட். கப்ளர திரும்ப சொருகி வண்டிய ஓட விட்டு, மீட்டர் டிசி வோல்ட்லயே இருக்கட்டும், ஒரு ப்ரோப ரெகுலேட்டரோட பாசிட்டிவ் அவுட்புட் ஒயர்ல கப்ளர் பின் பக்கமா நுழைச்சு வச்சு, இன்னொண்ண பேட்டரி பிளஸ்ல வையுங்க. ஒரே ஒயரோட ரெண்டு முனை தானே, ஜீரோ காட்டணும், 0.2 வரைக்கும் பரவால்ல. அரை வோல்ட் காட்டினா அந்த வழியில எங்கயோ துரு இல்லன்னா லூஸ். அதே மாதிரி ரெகுலேட்டர் எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல. ஓம்ல வச்சு பாத்தா நல்லா இருக்கற ஒயர் கூட கரண்ட் ஓடும்போது வோல்டேஜ முழுங்கும், அதனால இந்த டெஸ்ட் தான் நம்பகமானது.

சில ரெகுலேட்டர்ல ஒரு மெலிசான ஒயர் தனியா இருக்கும், பேட்டரில எவ்ளோ வோல்டேஜ் இருக்குன்னு பாத்து சொல்ற சென்ஸ் ஒயர், அது சாவி ஸ்விட்ச் வழியா வரும். ஸ்விட்ச் உள்ள களிம்பு புடிச்சு அதுல ஒரு வோல்ட் குறைஞ்சு வந்தா, பேட்டரி பசியா இருக்குன்னு நினைச்சு ரெகுலேட்டர் ஒரு வோல்ட் ஜாஸ்தியா ஏத்தும். நல்ல யூனிட்ட தூக்கி போட்டுட்டு புதுசு மாட்டினாலும் அதே 15.5 காட்டும். ஓவர் சார்ஜ் வர்ற வண்டில இத மறக்காதீங்க.

காயில்

ஒயர் எல்லாம் சுத்தம்னா அடுத்தது காயில். இன்ஜின ஆஃப் பண்ணி மேக்னெட் கப்ளர பிரிச்சு, காயில் பக்கம் இருக்கற மூணு மஞ்சளையும் ரெண்டு ரெண்டா ஓம்ல பாருங்க. மூணு ஜோடியும் ஒரே அளவு இருக்கணும், பெரும்பாலும் 1 ஓமுக்கு கீழ. ப்ரோப் ரெண்டையும் ஒண்ணா தொட்டா வர்ற அளவ கழிச்சுக்கோங்க, இல்லன்னா ஏமாறுவீங்க. அப்புறம் ஒவ்வொரு மஞ்சளுக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவுல கண்டின்யூட்டி (பீப் அடிக்கற மோடு) பாருங்க, பீப் சத்தம் வரவே கூடாது. வந்தா காயில் பாடில ஷார்ட், ரெகுலேட்டர் மாத்தி பிரயோஜனம் இல்ல.

கப்ளர் பிரிஞ்சே இருக்கட்டும், மீட்டர ஏசி 200க்கு மாத்தி, வண்டிய ஸ்டார்ட் பண்ணி மூணு ஜோடியும் பாருங்க. ஐடில்ல 15, 20 வோல்ட் வாக்குல வரும், முறுக்கினா கூடவே ஏறும். நம்பர் வண்டிக்கு வண்டி மாறும், அத விட மூணும் சமமா ஏறுதாங்கறது தான் கணக்கு. ரெண்டு ஜோடி 50ம் ஒண்ணு 20ம் காட்டினா காயில் காலி. அந்த நேரம் பின்ன கையால தொடாதீங்க, சும்மா இழுக்காது, நல்லாவே இழுக்கும்.

இப்ப தான் டப்பா

சாவி ஆஃப், பேட்டரி மைனஸ் கழட்டி, ரெகுலேட்டர தனியா எடுங்க. மீட்டர் டையோடுல. கருப்பு ப்ரோப ரெகுலேட்டரோட பாசிட்டிவ் அவுட்புட்ல வச்சு, சிவப்ப ஒவ்வொரு மஞ்சள்லயும் தொடுங்க, மூணுலயும் 0.4, 0.5 மாதிரி ஒரே அளவு வரணும். ப்ரோப மாத்தி வச்சா எதுவும் வரக்கூடாது, மீட்டர் ஓ.எல்.னோ ஓரத்துல 1ன்னோ காட்டும். அடுத்து சிவப்ப எர்த் பின்ல வச்சு கருப்ப மஞ்சள்ல தொடுங்க, அதே 0.4, 0.5, மாத்தி வச்சா ஒண்ணும் வரக்கூடாது. ரெண்டு பக்கமும் ஜீரோ காட்டி பீப் அடிச்சா டையோடு ஷார்ட், ரெண்டு பக்கமும் ஒண்ணுமே வரலன்னா ஓபன். சீரிஸ் டைப்புக்கு இந்த கணக்கு அப்படியே ஒத்து வராது.

இதுல பாஸ் ஆனா நல்ல யூனிட்னு அர்த்தம் இல்ல, அத நல்லா கேட்டுக்கோங்க. டையோடு டெஸ்ட் ரெக்டிஃபையர் பாதிய மட்டும் தான் பாக்குது. உள்ள இருக்கற ரெகுலேட்டர் பாதி, குளிர்ந்து இருக்கும்போது நல்லா இருந்து சூடானதும் மக்கர் பண்றதெல்லாம் இதுல மாட்டாது. அதுக்கு அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து, சூடு ஆறும் முன்னாடி பேட்டரி டெர்மினல்ல வோல்டேஜ் பாக்கணும். காலைல 14.3, ஓட்டிட்டு வந்து பாத்தா 12.9, ஆனா காயிலும் ஒயரும் சூட்டுலயும் சரியா இருக்குன்னா, ரெகுலேட்டர் தான், மேல யோசிக்க வேணாம்.

ராத்திரி நிறுத்தி வச்சா காலைல பேட்டரி டவுன், ஆனா ஓடும்போது 14.2 வருதுங்கற கேஸும் உண்டு. சாவி ஆஃப்ல மைனஸ் ஒயர கழட்டி, மீட்டர ஆம்பியர்ல வச்சு, டெர்மினலுக்கும் ஒயருக்கும் நடுவுல குடுங்க, முதல்ல 10 ஆம்பியர் ரேஞ்ச்ல, கம்மியா இருந்தா மில்லி ஆம்பியர்ல. அலாரம், ஜிபிஎஸ் எதுவும் இல்லாத வண்டில ஒண்ணு ரெண்டு மில்லி ஆம்பியருக்கு மேல போகக்கூடாது. 50, 60ன்னு காட்டி, ரெகுலேட்டர் கப்ளர புடுங்கினதும் விழுந்தா டையோடு வழியா கரண்ட் திரும்பி ஒழுகுது. மீட்டர் அப்படி இருக்கும்போது பழக்கதோஷத்துல செல்ஃப அமுக்கிடாதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போயிடும். எனக்கு போச்சு.

பழைய வண்டிக்காரங்களுக்கு

2017 ஏப்ரல்ல இருந்து இந்தியால டூவீலருக்கு ஹெட்லைட் எப்பவும் எரியணும்னு வந்துடுச்சு. அதுக்கு முந்தின நிறைய 100 சிசி வண்டில ஹெட்லைட்டுக்கு பேட்டரியோட சம்பந்தமே இல்ல, காயில்ல இருந்து நேரா ஏசில எரியும், ரெகுலேட்டர் அத மட்டும் தனியா 13 வோல்ட் வாக்குல புடிச்சு வைக்கும். ஐடில்ல மங்கலா எரிஞ்சு முறுக்கினா பிரகாசமாகுறது அந்த வண்டில இயல்பு, ரிப்பேர் இல்ல. ஆனா முறுக்கும்போதெல்லாம் பல்பு ஃப்யூஸ் ஆனா அந்த ஏசி பக்கம் போயிடுச்சுன்னு அர்த்தம், பேட்டரி சார்ஜ் நல்லாவே காட்டினாலும் சரி. இந்த வண்டில மூணு மஞ்சள் தேடாதீங்க, சிங்கிள் ஃபேஸ், ரெகுலேட்டர்ல நாலு ஒயர் தான் இருக்கும்.

வாங்கறதும் மாட்டுறதும்

பழைய யூனிட்ட கையில எடுத்துட்டு போங்க. கப்ளர் சொருகிடுச்சுங்கறதால அது உங்க வண்டிக்கானதுன்னு ஆயிடாது, சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, ஒயர் எத்தனை, எந்த பின் எதுக்கு, மேல இருக்கற பார்ட் நம்பர் ஒத்து வருதா, எல்லாம் பாக்கணும். சென்னைல ஜி.பி. ரோடு மாதிரி இடத்துல அலையலாம், ஆனா புதுப்பேட்டைல பழைய ஆர்.ஆர். வாங்குறது எனக்கு உடன்பாடு இல்ல, ஃபோர்க்கு, டேங்குன்னா கண்ணால பாத்து வாங்கலாம், இத சூடாக்கி பாக்காம எப்படி நம்புறது? டூப்ளிகேட்ட எடைலயே கண்டுபிடிக்கலாம், பழையத ஒரு கைல புதுசு ஒரு கைல வச்சு பாருங்க, காத்து மாதிரி இருந்தா திருப்பி குடுத்துடுங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி கருகின கப்ளர வெட்டி எறிங்க. கருப்பான ஒயர பளபளன்னு செம்பு வர்ற வரைக்கும் பின்னாடி வெட்டி, புது டெர்மினல சரியான க்ரிம்பிங் ப்ளையர்ல அமுக்கி, புது கப்ளர் போடுங்க. கட்டிங் ப்ளையர்ல நசுக்கி இன்சுலேஷன் டேப்ப சுத்துறது தான் அடுத்த கருகலுக்கு விதை. ஒயர் நீளம் பத்தலன்னா பழசோட தடிமனுக்கு கம்மி இல்லாம சேருங்க. மூணு மஞ்சளும் எது எங்க போனாலும் பரவால்ல, ஏசிக்கு வரிசை கிடையாது. பாசிட்டிவ்வும் எர்த்தும் மட்டும் மாறவே கூடாது, மாறினா சாவி கூட போட வேணாம், பேட்டரிய கனெக்ட் பண்ண அந்த செகண்டே யூனிட் காலி. ஹோண்டா வழி வந்த வண்டில எர்த் பச்சை, மத்ததுல வயரிங் டயக்ராம் பாத்துட்டு சொருகுங்க.

டப்பா உக்கார்ற இடத்துல துருவையும் சேறையும் சேண்ட் பேப்பர்ல தேய்ச்சு எடுங்க. பாடி வழியா எர்த் எடுக்கற யூனிட்னா பெயின்ட் மேல வச்சு முறுக்கினா எர்த் கிடைக்காது. சூடு ஃப்ரேமுக்கு இறங்கவும் அந்த தொடுதல் தான் வழி, அதனால போல்ட்ட நல்லா இறுக்குங்க, ரப்பர் வாஷர் எல்லாம் சொந்தமா சேர்க்காதீங்க. அழகுக்காக இன்ஜின் பக்கத்துலயோ கவர் போட்டு மூடியோ இடம் மாத்தாதீங்க, காத்து படணும். கப்ளர் உள்ள கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ், அதாவது கரண்ட் கடத்தாத கிரீஸ் தடவினா மழை தண்ணி ஏறாது. கடைசியா பேட்டரி மைனஸ்.

ஸ்டார்ட் பண்ணி பழையபடி பேட்டரி டெர்மினல்ல பாருங்க, 14 பக்கம் வந்து நிக்கணும், ஹெட்லைட், பிரேக், ஹாரன் எல்லாம் ஒண்ணா போட்டு முறுக்கினாலும் 13.5க்கு கீழ விழக்கூடாது. அரை மணி ஓட்டிட்டு வந்து சூட்டோட இன்னொரு தடவை. அதோட விட்டுடாம ஒரு வாரம் கழிச்சு, நல்லா ஓட்டி வந்த உடனே சைடு பேனல கழட்டி கப்ளர மட்டும் தொட்டு பாருங்க. டப்பா கொதிக்கலாம், அது இயல்பு. கப்ளர் வெதுவெதுன்னு இருக்கலாம், கைய வைக்க முடியாத அளவுக்கு சுட்டா அன்னைக்கே அந்த டெர்மினல மறுபடி க்ரிம்ப் பண்ணுங்க.